கட்டமைப்பு இனவெறி கறுப்பின மக்களின் மனநலத்தை எப்படிப் பாதிக்கிறது?

ஒருவர் இன்னொருவரை நிறம் சொல்லி இழிவுபடுத்துவது தனிமனித வெறுப்பு. சட்டம், வங்கி, காவல்துறை, மருத்துவமனை ஆகியவற்றின் நடைமுறையிலேயே பாகுபாடு ஊறிப்போயிருந்தால் அது கட்டமைப்பு இனவெறி. அங்கே யாரும் கடுஞ்சொல் பேசவே வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 1930களில், கறுப்பினத்தவர் வாழ்ந்த பெரும்பாலான நகரப் பகுதிகள் அரசு வரைபடங்களில் கடன் தர ஆபத்தானவை என்று சிவப்பு நிறத்தில் குறிக்கப்பட்டன. அங்கே வீட்டுக்கடன் கிடைப்பது அரிதானது. சொந்த வீடு இல்லாததால் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லச் சொத்தும் இல்லை. அந்த இழப்பு பேரப்பிள்ளைகள் வரை தொடர்கிறது. இந்தப் பணக்கவலையோடு, காவலர் காரை நிறுத்தினால் என்ன ஆகுமோ என்ற அச்சமும் சேரும்போது உடல் ஓயாத எச்சரிக்கையில் இருக்கிறது. தூக்கம் கெடுகிறது, பதற்றமும் மனச்சோர்வும் படிகின்றன. அரை மணி நேரம் ஓடவேண்டிய தண்ணீர் மோட்டாரை இரவும் பகலும் ஓடவிட்டால் சுருள் சூடேறிக் கருகுமே, அப்படித்தான்.

உதவி தேடுவதும் எளிதல்ல. அடிமைகள் தப்பியோடுவதையே மனநோய் என்று 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். அமெரிக்காவின் டஸ்கீகி என்ற ஊரில் 1932 முதல் 1972 வரை நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களின் மேகநோய்க்கு (சிபிலிஸ்) சிகிச்சை தராமல் அரசு மருத்துவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். இதையெல்லாம் கண்ட சமூகம் மருத்துவரிடம் மனம் திறக்கத் தயங்கினால், அதை அறியாமை என்று பழிப்பது பெரும் அநியாயம்.

படிப்பும் வசதியும் வந்தால் இந்தப் பாதிப்பு நீங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள்; ஆனால் உயர்பதவியில் இருக்கும் கறுப்பினத்தவரும் கடைகளில் சந்தேகத்தோடு பின்தொடரப்படுகிறார்கள், சாலையில் காரணமின்றி நிறுத்தப்படுகிறார்கள்.