கேசட்டிலிருந்து கணினிக்கு: வாசகர் கேள்விகள்

கேள்வி: அப்பா வானொலியிலிருந்து பதிவு செய்த நாதசுரக் கச்சேரிகளைக் கணினியில் ஏற்ற வேண்டும். மென்பொருள் 44,100, 96,000, 192,000 என்று கேட்கிறது. எதை வைப்பது?

பதில்: 44,100 தாராளம். ஒலியலையை நொடிக்கு எத்தனை முறை அளந்து குறித்துக்கொள்வது என்பதே இந்த எண். அதில் பாதிக்குக் கீழே உள்ள அதிர்வெண்கள் எல்லாவற்றையும் அப்படியே மீட்டுவிடலாம். நம் காது எட்டுவது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வுகள்), அதுவும் இளவயதில். உங்கள் கச்சேரி மத்திய அலையில் வந்ததென்றால், வீட்டு ரேடியோவே 5,000 ஹெர்ட்ஸ் வாக்கில் மேல்பகுதியை வெட்டியிருக்கும். 192,000 வைத்தால் டேப்பின் இரைச்சலை வெகு துல்லியமாகச் சேமித்த பெருமைதான் மிஞ்சும்.

44,100 என்ற விநோத எண் எங்கிருந்து வந்தது என்றும் சிலர் கேட்கிறார்கள். தொடக்கத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் பதிந்தார்கள். வீடியோ படத்தின் ஒரு வரிக்கு 3 அளவுகள், திரையை ஒரு முறை வரைய 245 வரிகள், நொடிக்கு 60 முறை. பெருக்கிப் பாருங்கள். 1982இல் விற்பனைக்கு வந்த சிடியும் அதையே வைத்துக்கொண்டது.

கேள்வி: இரண்டு அளவுகளுக்கு நடுவே உள்ள ஒலி தொலைந்துபோகாதா?

பதில்: போகாது. படங்களில் டிஜிட்டல் அலையைப் படிக்கட்டுபோல் காட்டுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். திரும்ப ஒலிக்கும்போது வருவது வழவழப்பான அலைதான். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. 30,000 ஹெர்ட்ஸ் அலை வடிகட்டப்படாமல் உள்ளே நுழைந்தால், 14,100 ஹெர்ட்ஸ் என்ற பொய் வேடத்தில் காதில் விழும். அதனால்தான் அளப்பதற்கு முன்பே வடிகட்டி வைக்கிறார்கள்.

கேள்வி: 16 பிட்டா, 24 பிட்டா?

பதில்: ஒவ்வொரு அளவையும் எத்தனை நுண்ணிய படிகளில் குறிப்பது என்பதே பிட். 16 பிட்டில் 65,536 படிகள், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் வீச்சு. கேசட்டுக்கு அதுவே மிகை. ஆனாலும் பதியும்போது 24 வையுங்கள். ஒலியின் உரப்பைக் குறைத்துப் பதிய இடம் கிடைக்கும். தவில் ஓங்கி விழும் இடத்தில் மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. பூஜ்யத்தைத் தொட்டால் அலையின் தலை சீவப்பட்டுவிடும். பிறகு எந்த மென்பொருளாலும் முழுமையாக ஒட்டவைக்க முடியாது.

கேள்வி: கேசட் டெக்கை மடிக்கணினியின் மைக் துளையில் இணைத்தேன். கரகரப்பு, ‘ம்ம்’ என்ற ரீங்காரம், மங்கிய ஒலி.

பதில்: மூன்றும் வெவ்வேறு நோய்கள். மைக் துளை மெல்லிய சிக்னலுக்கானது, பெரும்பாலும் மோனோ (ஒற்றைத் தடம்); கரகரப்பு அதனால்தான். ஒலியைக் கணினிக்கு மாற்றித் தரும் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கி, டெக்கின் லைன் அவுட் என்ற வெளியீட்டுத் துளையிலிருந்து இணையுங்கள். ரீங்காரம் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்.

மங்கலுக்கு முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக் குச்சியால், டேப்பைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டைத் துடைத்துக் காயவிடுங்கள். பிறகும் தெளியாவிட்டால் ஹெட் கோணம் மாறியிருக்கலாம். ஹெட்டின் ஒரு பக்கம் ஸ்பிரிங் கோத்த சிறு திருகு இருக்கும். ஒலியை மோனோவாக்கி, டேப் ஓடும்போதே அதைக் கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்புங்கள். ஜாலரா பளிச்சென்று கேட்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். வெவ்வேறு டெக்கில் பதிந்த கேசட்டுகளுக்குக் கோணமும் மாறும். 192,000 தராத தெளிவை இந்தத் திருகு தரும்.

கேள்வி: எம்பி3 ஆகச் சேமித்தால் போதுமா?

பதில்: கைப்பேசிக்குப் போதும், மூலத்துக்கு வேண்டாம். 44,100, 16 பிட், ஸ்டீரியோ என்றால் நிமிடத்துக்குச் சுமார் 10.6 எம்பி, 60 நிமிடக் கேசட்டுக்கு 635 எம்பி. 24 பிட்டில் அதைப்போல் ஒன்றரை மடங்கு. ஃபிளாக் (FLAC) என்ற கோப்பு வடிவத்தில் வைத்தால் ஒலி துளியும் குறையாமல் கோப்பு சுருங்கும்.