மூளைக்காய்ச்சல் ஆறியபின் மறுபடியும் ஏன்?

சித்தூர் பக்கம் குடிபாலாவிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: “மூன்று வயது மகனுக்கு ஹெர்பீஸ் வைரஸால் மூளைக்காய்ச்சல் வந்தது. அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு ஊசி முடித்து வீடு திரும்பி ஒரு மாதம் ஆகிறது. தேறிக்கொண்டிருந்தவன் இப்போது தூங்குவதில்லை, பேச்சு நின்றுவிட்டது, கை கால் தானாக நெளிகிறது. மாமியார் காத்து கருப்பு என்கிறார். என் தங்கைக்கு ஆட்டோஇம்யூன் தைராய்டு உண்டு. அதனாலா இது?”

அம்மா, அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காதீர்கள். இன்றே குழந்தையைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். உங்கள் ஊரிலிருந்து வேலூர் பக்கம்தான். குழந்தைகள் நரம்பியல் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கே போங்கள்.

வைரஸ் மூளையைத் தாக்கும்போது நரம்புச் செல்கள் சிதைகின்றன. உள்ளே இருந்த புரதங்கள் வெளியே தெரிகின்றன. அவற்றையும் எதிரி என்று எண்ணி உடல் ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புப் புரதத்தைத் தயாரித்துவிடுகிறது. இப்படி உடல் தன்னையே தாக்குவதைத்தான் ஆட்டோஇம்யூன் என்பார்கள். அதிகம் காணப்படுவது நரம்புச் செல்களில் உள்ள என்எம்டிஏ ஏற்பி என்ற புரதத்தைத் தாக்கும் ஆன்டிபாடி. ஹெர்பீஸ் மூளைக்காய்ச்சல் வந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இப்படி ஆகிறது, பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்துக்குள். சின்னக் குழந்தைகளிடம் கை கால் நெளிவதுதான் முக்கிய அடையாளம். பெரியவர்களிடம் குணம் மாறும், பிதற்றல் வரும். இந்த என்எம்டிஏ நோயை நரம்பியல் மருத்துவர் டல்மாவ் குழுவினர் விவரித்ததே 2007இல்தான். அதனால் மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். கங்கம்மாவுக்கு வேண்டிக்கொள்ளட்டும், மந்திரிக்கக் கூட்டிப்போய் நாள் கடத்த மட்டும் விடாதீர்கள்.

தங்கையின் தைராய்டு இதற்குக் காரணமில்லை. இங்கே தூண்டுதல் வைரஸ்தான்.

வைரஸே திரும்பியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் முதுகுத்தண்டு நீரை மறுபடி எடுத்து, வைரஸ், ஆன்டிபாடி இரண்டுக்கும் சோதிப்பார்கள். ஊசி என்றதும் பயந்து மறுக்காதீர்கள். ரத்தத்தில் மட்டும் பார்த்தால் ஆன்டிபாடி தப்பிவிடலாம். மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜி, எம்ஆர்ஐயும் எடுப்பார்கள். ஆட்டோஇம்யூன் என்று உறுதியானால் ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் கொடுப்பார்கள், அல்லது ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றுவார்கள், போதாவிட்டால் ரிடுக்ஸிமாப் என்ற மருந்து. தேற மாதக்கணக்கில் ஆகும். வைரஸ் ஏற்கெனவே செய்த சேதம் முழுதும் மாறும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் இந்த இரண்டாவது தாக்குதலைத் தணிக்க முடியும், சீக்கிரம் தொடங்கினால் பலனும் கூடும்.

போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, எம்ஆர்ஐ படம், மருந்துச் சீட்டு எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். கை கால் நெளிவதை செல்போனில் வீடியோ எடுங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவி. அப்புறம் ஒன்று: இந்தச் சிகிச்சைக்குப் பிறகு தட்டம்மை போன்ற தடுப்பூசிகளை எப்போது போடலாம் என்று அவரைக் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும்.