ஜாங்கோவில் (பைத்தான் வலைச் செயலிக் கட்டமைப்பு) ஒவ்வொருவருக்கும் கடைசிப் பதிவை மட்டும் எடுப்பது எப்படி?

பட்டிக்காரர் (மாடு வளர்த்துப் பால் தருபவர்) ஒவ்வொருவரும் கடைசியாக ஊற்றிய பாலின் அளவை ஒரே பட்டியலில் காட்ட வேண்டும், லூப்புக்குள் 'ஃபர்ஸ்ட்' (முதல் பதிவை எடுப்பது) போட்டால் பக்கம் திறக்க நேரமெடுக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மட்டக்களப்பில் ஒரு பால் சேகரிப்பு நிலையத்துக்கு இதே பட்டியலை நான் செய்து கொடுத்திருக்கிறேன்.

லூப்புக்குள் போட்டால் ஆளுக்கொரு குவெரி (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) ஓடும். 300 பேர் என்றால், பெயர்ப் பட்டியலுக்கான ஒன்றும் சேர்ந்து மொத்தம் 301. 'மேக்ஸ்' போட்டால் கடைசித் தேதி வரும், அன்றைய லீற்றர் வராது. லீற்றருக்கும் 'மேக்ஸ்' போட்டீர்களானால் அவர் என்றோ ஊற்றிய ஆகக் கூடிய அளவுதான் வந்து நிற்கும்.

2017இல் ஜாங்கோ 1.11உடன் வந்த 'சப்குவெரி' (குவெரிக்குள் ஒரு குவெரி), 'அவுட்டர்ரெஃப்' (வெளிக் குவெரியின் மதிப்பை உள்ளே சுட்டுவது) இரண்டும் இதற்குப் போதும். பால் பதிவுகளைப் பட்டிக்காரரின் அவுட்டர்ரெஃபால் வடிகட்டுங்கள், புதியது முதலில் வர அடுக்குங்கள், லீற்றரை மட்டும் 'வேல்யூஸ்' ஆக்கி முதல் ஒன்றை வெட்டுங்கள். அதை சப்குவெரியாக, பட்டிக்காரர் ஒவ்வொருவருடனும் ஒரு மதிப்பைச் சேர்த்துத் தரும் 'அனோடேட்'டுக்குள் வைத்தால் எல்லாம் ஒரே குவெரி.

எதைக் கொண்டு அடுக்குவது என்பதில்தான் நான் பிழை விட்டேன். ஐடி (பதியும் வரிசையில் ஏறும் எண்) பெரிதாக இருப்பதே புதியது என்று எடுத்துக்கொண்டேன். மார்கழி மழையில் படுவான்கரைப் (மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை) பாதைகளில் வெள்ளம் ஏறினால் பால் கணக்குக் கொப்பி நான்கைந்து நாள் பிந்தித்தான் வந்து சேரும். பிந்திப் பதிந்த பழைய பாலுக்குப் பெரிய ஐடி. ஒரு ஐயா கையில் பால் அளந்த துண்டுச் சீட்டோடு வந்து, "நேத்து எட்டு லீற்றர் ஊத்தினன் தம்பி, இதில ஆறு எண்டு கிடக்கு" என்றார். சீட்டில் எட்டுத்தான். அவருக்கு நான் காட்டியது போன கிழமைப் பால்.

தேதியால் அடுக்கினாலும் காலைப் பாலும் மாலைப் பாலும் ஒரே தேதியில் வந்து மோதும். ஆகவே பால் அளந்த நேரத்தையே ஒரு புலமாக வையுங்கள். பதிந்த நேரம் வேறு புலமாக இருக்கட்டும். அளந்த நேரம் இறங்குவரிசையில், நேரமும் ஒன்றாகிவிட்டால் மட்டும் ஐடி. பட்டிக்காரர், அளந்த நேரம் இரண்டையும் சேர்த்து ஒரு இன்டெக்ஸும் (தேடலை விரைவாக்கும் சுட்டி) போடுங்கள், பதிவுகள் பெருகும்போது வேகம் தெரியும்.

ஒருமுறையும் ஊற்றாதவருக்கு 'நன்' (None, மதிப்பே இல்லை) வரும். அதைப் பூச்சியமாகக் காட்டாதீர்கள், கடைசியாகப் பூச்சியம் லீற்றர் ஊற்றினார் என்று கணக்குப்பிள்ளை நினைத்துவிடுவார். வெறும் கோடு போடுங்கள்.

லீற்றர் மட்டுமல்லாமல் முழுப் பதிவுமே வேண்டுமென்றால், ஜாங்கோ 4.2 முதல் 'பிரீஃபெட்ச்'சுக்கு (தொடர்புள்ள பதிவுகளை முன்கூட்டியே எடுப்பது) கொடுக்கும் குவெரிசெட்டையே, இதே வரிசையில் அடுக்கி, முதல் ஒன்றை மட்டும் வெட்டிக் கொடுக்கலாம். ஆளுக்கு ஒன்றுதான் வரும்.