கணவருக்கு வெள்ளணு எப்போதும் குறைவு; மகளுக்கும் அதே காரணமா?

வாசகி ஒருவர், லண்டன்: என் கணவர் கானா நாட்டுக்காரர். எப்போது ரத்தம் சோதித்தாலும் வெள்ளணு குறைவு என்றே வருகிறது. கடைசி ரிப்போர்ட்டில் மொத்தம் 3.4, அதில் நியூட்ரோபில் என்ற வெள்ளணு வகை 1.2. ஆனால் அவருக்கு அடிக்கடி காய்ச்சல், சளி என்று எதுவும் வருவதில்லை. “பரம்பரையாக இருக்கும்” என்றார் டாக்டர். சென்ற வாரம் எங்கள் மூன்று வயது மகளுக்குச் சளிக்காய்ச்சல். அப்போது எடுத்த சோதனையில் அவளுக்கு நியூட்ரோபில் 0.9. அப்பாவின் வாகு என்று விட்டுவிடலாமா?

பதில்: கணவரைப் பற்றி டாக்டர் சொன்னது பெரும்பாலும் சரியாக இருக்கும். மகளுக்கு அந்தக் காரணம் பொருந்த வாய்ப்பு மிகக் குறைவு.

முதலில் எண்கள். 1.2 என்பது நம்மூர் லேப் கணக்கில் 1,200. தமிழ்நாட்டு ரிப்போர்ட்டில் இந்த எண் தனியாக வராவிட்டால் நாமே போட்டுக்கொள்ளலாம்: டோட்டல் கவுண்ட் 3,400, பாலிமார்ஃப் (நியூட்ரோபிலின் இன்னொரு பெயர்) 36 சதவீதம் என்றால் சுமார் 1,220. பெரியவர்களுக்கு 1,500-க்குக் கீழே போனால் நியூட்ரோபீனியா, அதாவது நியூட்ரோபில் குறைவு, என்பது வழக்கம்.

சிவப்பணுவின் மேல் டஃபி என்றொரு புரதம் உண்டு. அதை உருவாக்கும் ஏசிகேஆர்1 மரபணு முதலாவது குரோமோசோமில் இருக்கிறது. அந்த மரபணுவை இயக்கும் பகுதியில் ஒரே ஒரு எழுத்து மாறினால் சிவப்பணுவில் மட்டும் டஃபி உருவாகாது. ரத்தக்குழாய்ச் சுவர் போன்ற மற்ற இடங்களில் வழக்கம்போல் உருவாகும். வைவாக்ஸ் மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் நுழைய டஃபியைத்தான் பிடித்துக்கொள்கிறது என்பது 1976-இலேயே தெரிந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ எல்லோருக்கும் டஃபி இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவிலும் ஏமன் உள்ளிட்ட அரபுப் பகுதிகளிலும் இது சாதாரணம். நியூட்ரோபில் குறைவதற்கும் இதே மாற்றம்தான் காரணம் என்பது 2008-க்குப் பிறகு உறுதியானது. எலும்பு மஜ்ஜையில் உற்பத்தி குறைவதில்லை. அணுக்கள் ரத்தத்தில் தங்காமல் திசுக்களுக்குள் சீக்கிரம் போய்விடுகின்றன என்பதே இப்போதைய விளக்கம். அதனால்தான் உங்கள் கணவர் நோய் நொடி இல்லாமல் இருக்கிறார். டஃபி இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு 1,200 வரை இயல்பே.

ஆனால் ஆளின் ஊரையும் நிறத்தையும் வைத்து இதை முடிவு செய்வது தவறு. அமெரிக்கக் கறுப்பினத்தவரிலேயே சுமார் மூன்றில் ஒருவருக்கு டஃபி இருக்கிறது. அவர்களிடம் 1,200 வந்தால் வேறு காரணம் தேட வேண்டும். சோதித்துப் பார்ப்பதும் எளிது. ரத்த வங்கியில் ரத்த குரூப் பார்க்கும் அதே முறையில் டஃபி ஏ, டஃபி பி இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் நெகட்டிவ் என்றால் விடை கிடைத்துவிட்டது. கடந்த மூன்று மாதத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் கொடையாளியின் அணுக்கள் கலந்து முடிவு குழம்பும். அப்போது மரபணுச் சோதனைதான். முடிவு எதுவானாலும் மருத்துவப் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். பதிவில் இல்லாததால் தேவையில்லாமல் மஜ்ஜையில் ஊசி குத்திச் சோதிப்பதும், கீமோவைத் தள்ளிப்போடுவதும், நன்றாக வேலை செய்துகொண்டிருந்த குளோசாபின் என்ற மனச்சிதைவு நோய் மருந்தை நிறுத்துவதும் நடந்திருக்கின்றன. அமெரிக்க மருந்துக் குறிப்பில் குளோசாபின் தொடங்க நியூட்ரோபில் வழக்கமாக 1,500 வேண்டும். இப்படி இயல்பிலேயே எண்ணிக்கை குறைந்தவர்களுக்கு 1,000 போதும். ஹீமோகுளோபினோ தட்டணுவோ கூடவே குறைந்தாலும், வாய்ப்புண் திரும்பத் திரும்ப வந்தாலும், மண்ணீரல் வீங்கினாலும் டஃபியைக் காரணம் காட்டி விட்டுவிடக் கூடாது.

இனி மகள். இந்தக் குறைவு வர அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்த மரபணுவின் மாறிய பிரதி வந்திருக்க வேண்டும். அவளுக்கு அப்பா வழியில் ஒன்று வந்திருக்கும். தமிழர்களிடம் அந்த மாற்றம் மிக அரிது என்பதால் உங்கள் வழியில் வந்தது டஃபி உள்ள பிரதியாகவே இருக்கும். ஒற்றைப் பிரதியால் எண்ணிக்கை இவ்வளவு இறங்காது. சந்தேகமிருந்தால் உங்கள் டஃபியையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். அவளுக்கு 0.9 வந்ததற்கு முதல் சந்தேகம் அந்தச் சளிக்காய்ச்சல்தான். வைரஸ் தொற்றில் நியூட்ரோபில் இறங்கி, சில நாள் முதல் ஓரிரு வாரத்தில் ஏறிவிடும். அந்த வயதில் லிம்போசைட் என்ற மற்றொரு வகை வெள்ளணு அதிகம் இருப்பதும் இயல்பு.

காய்ச்சல் முழுக்க விட்டு இரண்டு, மூன்று வாரம் கழித்து மறுபடி சோதியுங்கள். எடுத்த ரத்தம் அன்றே லேப் போய்ச் சேரட்டும். ஒரு நாளுக்கு மேல் கிடந்தால் நியூட்ரோபில் சிதைந்து எண்ணிக்கை குறைத்துக் காட்டும். ஸ்மியரையும், அதாவது ரத்தத்துளியைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில், பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் 1.0-க்குக் கீழே இருந்தால் குழந்தை ரத்தநோய் மருத்துவரிடம் போக வேண்டும். உடலே தன் நியூட்ரோபிலைத் தாக்குவதால் சிறு குழந்தைகளுக்கு வரும் தன்னெதிர்ப்பு நியூட்ரோபீனியா பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானாகச் சரியாகும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை காய்ச்சலும் வாய்ப்புண்ணும் வந்து போனால் வாரம் இரண்டு முறை வீதம் ஆறு வாரம் எண்ணிப் பார்ப்பார்கள்; அது சுழற்சியாக வரும் வேறொரு மரபுக் குறை. எண்ணிக்கை சரியாகும்வரை அவளுக்கு 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் அடித்தால் வீட்டில் பாரசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், 0.9 வந்த ரிப்போர்ட்டையும் காட்டுங்கள்.