பழைய மேசை விளக்கு, குறைந்த செலவு, கிராமத்துச் சாயல்: கேள்வி பதில்

கேள்வி: பழைய சாமான் விற்பவரிடம் மர அடிப்பாகம் கொண்ட மேசை விளக்கு வாங்கினேன். வார்னிஷ் பளபளவென்று இருக்கிறது. கிராமத்துச் சாயல் வேண்டும், செலவு கூடாது. எங்கே தொடங்கலாம்?

வயரில் தொடங்குங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு வயரை வளைத்துப் பாருங்கள். விறைப்பாக இருந்தாலோ, உறை வெடித்திருந்தாலோ, ஹோல்டர் கருகியிருந்தாலோ மாற்றியே ஆக வேண்டும். கையிலுள்ள பணம் முதலில் அதற்குத்தான். தோற்றத்துக்கான செலவை எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்கலாம், இதைச் சுருக்க முடியாது. சுவிட்சை அணைத்தால் போதும் என்று நம்பாதீர்கள். சுவிட்ச், மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பியில் மாட்டப்பட்டிருந்தால், விளக்கு அணைந்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும்.

இனி மரம். வார்னிஷை 120 எண் உப்புத்தாளால் எடுத்துவிட்டு 220-ஆல் மழமழப்பாக்குங்கள். மர இழை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே விழுந்த கீறல் நிறம் ஏறியதும் துருத்திக்கொண்டு தெரியும். அதன்பின் பெயின்ட் வேண்டாம் என்பேன். ஒரு சீசாவில் வெள்ளை வினிகர் ஊற்றி, துருப்பிடிக்கக்கூடிய சாதாரண இரும்பு நாரைக் கொஞ்சம் போட்டு ஓரிரு நாள் விடுங்கள். ஸ்டெயின்லெஸ் நார் இதற்கு உதவாது. ஹைட்ரஜன் வாயு வெளியேற வேண்டும், அதனால் மூடியை இறுக்காதீர்கள். பால் சேர்க்காத கடுந்தேநீரை மரத்தில் பூசிக் காயவிட்டு, மேலே இந்தக் கரைசலைப் பூசுங்கள். தேநீருக்குத் துவர்ப்புத் தரும் டானினும் கரைந்த இரும்பும் சேர்ந்து, சில நிமிடங்களிலேயே மரம் சாம்பல் கலந்த கறுப்புக்குத் திரும்பத் தொடங்கும். பல வருடம் வெயிலும் மழையும் பட்ட மரத்தின் நிறம் அது. மேலே ஒட்டிய பூச்சாக இல்லாமல் இழைக்குள்ளேயே உண்டாவதால் உரிந்து வராது. ஓக் போல டானின் மிகுந்த மரமென்றால் தேநீரே தேவையில்லை. முதலில் அடிப்புறத்தில் ஒரு மூலையில் பூசிப் பாருங்கள், மரத்துக்கு மரம் நிறம் வேறுபடும்.

நன்றாகக் காய்ந்த பிறகு தேன்மெழுகோ ஆளிவிதை எண்ணெயோ தேய்க்கலாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி எறியாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

கேள்வி: என்னுடையது இரும்பு அடிப்பாகம். பெயின்ட் அங்கங்கே தேய்ந்துபோன மாதிரி வர வேண்டும்.

இரும்புக்கான பிரைமர் ஒரு கை, அடர் நிறம் ஒரு கை. காய்ந்ததும், இயல்பாகக் கைபட்டுத் தேயும் இடங்களில் மட்டும், அதாவது விளிம்பு, கழுத்து, சுவிட்சைச் சுற்றி, மெழுகுவத்தியைத் தேயுங்கள். மேலே வெளிர் நிறம் அடித்து, காய்ந்தபின் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் மெழுகு உள்ள இடம் விட்டுக்கொடுக்கும். எல்லா இடத்திலும் சமமாகத் தேய்த்தால் போலி என்று உடனே தெரிந்துவிடும்.

விளக்கில் ஏற்கெனவே பழங்காலத்துப் பெயின்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், குழந்தைகள் உள்ள வீட்டில் அதைத் தொடவே வேண்டாம். இன்னொன்று: உலோக விளக்குக்கு மூன்று கம்பி வயர் போட்டு, எர்த் கம்பியை விளக்கின் உடலோடு இணைக்க வேண்டும். பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

கேள்வி: பித்தளை விளக்கு. கறுப்பு மேட் பெயின்ட் அடிக்கப் போகிறேன். பிரைமர் அவசியமா?

முதலில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம் மட்டும். அதற்குத் தாராளமாகப் பெயின்ட் அடியுங்கள். ஒட்டாவிட்டால் அடிப்புறத்தில் சின்னதாகக் கீறிப் பாருங்கள். உள்ளேயும் மஞ்சள் என்றால் அது முழுப் பித்தளை. தயவுசெய்து பெயின்ட் அடிக்காதீர்கள்.

கேள்வி: பொருள் என்னுடையது, எனக்குக் கறுப்புதான் பிடிக்கும். பித்தளை என்பதற்காக விட்டுவிட வேண்டுமா?

உங்கள் பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்பது குறைந்த செலவில் பழமை. வழவழப்பான பித்தளையில் சாதாரணப் பெயின்ட் பிடிக்காமல் செதில் செதிலாக வரும், அதற்கென்று தனிப் பிரைமர் வாங்க வேண்டும். பித்தளையோ செலவே இல்லாமல் தானாகக் கறுக்கும். பல விளக்குகளில் கறுக்காமலிருக்க மேலே கண்ணாடி போன்ற லாக்கர் பூசியிருப்பார்கள். வயரையும் ஹோல்டரையும் கழற்றிவிட்டு, காற்றோட்டமான இடத்தில், அடுப்பு நெருப்பு எதுவும் அருகில் இல்லாமல், அசிட்டோனால் அதைத் துடைத்தெடுங்கள். மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மரத்தை வினிகரால் கறுக்க வைப்பதும் பொய்ப் பழமைதானே? அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பெயின்ட்டை மட்டும் ஏன் தடுக்கிறீர்கள்?

நல்ல கேள்வி. மரத்துக்கும் பித்தளைக்கும் நான் சொல்வது அந்தப் பொருளிலேயே நடக்கும் மாற்றம். இழையும் வார்ப்பு வேலையும் மறையாது. பெயின்ட் அப்படியல்ல, பொருளை மூடிவிடும்.

கேள்வி: பிடிக்காவிட்டால் பெயின்ட்டை உரித்துவிடலாமே?

உரிக்கலாம். ஆனால் கழுத்து வளையங்களிலும் பூ வேலையின் பள்ளங்களிலும் புகுந்த பெயின்ட்டைச் சுரண்டி எடுக்கும்போது கோடுகள் மழுங்கிவிடும். கறுத்த பித்தளையைப் பாலிஷ் போட்டுத் துணியால் தேய்த்தே பழைய நிறத்துக்குக் கொண்டுவரலாம். இரும்பையும் மட்டமான வார்ப்பையும் மூடுங்கள், எனக்கு வருத்தமில்லை. நல்ல உலோகத்தை மூடுவதைத்தான் எதிர்க்கிறேன், இதில் மாற மாட்டேன்.

கேள்வி: சணல் கயிறு சுற்றலாமா? எந்தப் பசை?

அடிப்பாகத்தில் சுற்றலாம். மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை போதும். துப்பாக்கியில் உருக்கி ஒட்டும் பசை சூட்டில் இளகும், அதனால் ஹோல்டருக்கு அருகில் வேண்டாம். கயிற்றை ஹோல்டருக்குச் சில விரற்கடை கீழேயே நிறுத்துங்கள். குண்டு பல்பு தின்னும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் போகிறது, சணலோ எளிதில் பற்றிக்கொள்ளும். எல்இடி மட்டும் போடுங்கள். 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை சுமார் 9 வாட் எல்இடி தந்துவிடும். 2700 கெல்வின், அதாவது இளமஞ்சள் வெளிச்சம், என்று அச்சிட்டதாக வாங்குங்கள். வெள்ளை வெளிச்சம் பட்டால் இத்தனை வேலையும் வெளிறிப்போகும்.

கேள்வி: எனதும் மர விளக்கு. எங்கே தொடங்க?

முதல் பதிலைப் படியுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு.

கேள்வி: ஸ்பிரே பெயின்ட் அடிக்கும்போது ஹோல்டரைக் கழற்ற வேண்டுமா?

கழற்றுங்கள். முடியாவிட்டால் டேப்பால் முழுக்க மூடுங்கள். உள்ளே பெயின்ட் போனால் தொடர்பு கெட்டு ஹோல்டர் சூடேறும். பிளக் கழற்றியிருக்க வேண்டும்.

கேள்வி: மண்ணெண்ணெய் விளக்கை மின்விளக்காக்க முடியுமா?

தகரத்தில் துளையிட்டு வயர் இழுப்பதற்கு நான் வழி சொல்ல மாட்டேன். பேட்டரி எல்இடி ஒன்றை உள்ளே வையுங்கள்.

கேள்வி: மரம், வார்னிஷ் இருக்கிறது, நேரடியாக வினிகர் கரைசல் பூசலாமா?

முடியாது. வார்னிஷைத் தாண்டி உள்ளே இறங்காது. முதல் பதில்.

கேள்வி: மேல்மூடி கிழிந்துவிட்டது. புதிதாகச் செய்தால் அளவு என்ன?

கம்பிச் சட்டத்தை வைத்துக்கொண்டு துணியை மட்டும் மாற்றுங்கள், அதுதான் மலிவு. முரட்டுச் சணல் துணியோ சாயமிடாத பருத்தியோ பொருந்தும். புதுச் சட்டம் என்றால், மூடியின் உயரம் அடிப்பாகத்தின் உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இருக்கட்டும். உட்கார்ந்து பார்க்கும்போது பல்பு கண்ணில் படக் கூடாது, துணி பல்பைத் தொடவும் கூடாது.