ஆகஸ்டில் யாழ்ப்பாணக் கடற்கரையில் ஓரிரவு தங்க எங்கே போகலாம்?

கொழும்பிலிருந்து ஐந்து பேர் வருகிறீர்கள், ஆள் நடமாட்டம் குறைந்த கடற்கரை வேண்டும், கூடாரமா அறையா என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் யாழ்ப்பாணத்தின் வடகிழக்குப் பகுதியான வடமராட்சிக்காரன். பதில் கொஞ்சம் ஊர்ப்பக்கம் சாய்ந்துதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காற்றைப் பாருங்கள், இடத்தை அப்புறம் பார்க்கலாம். ஆகஸ்ட் எங்களுக்குச் சோளகக் காலம். தென்மேற்கிலிருந்து காற்று விடாமல் அடிக்கும். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் சாதாரணமாக ஒரு மணி நேரம். சோளகம் உரத்தால் அந்த ஒரு மணி நேரத்திலேயே குடல் வாய்க்கு வந்துவிடும். படகே ஓடாத நாளும் உண்டு. வடமராட்சிக் கிழக்குக் கரை வடகிழக்கைப் பார்த்துக் கிடப்பதால் அங்கே இதே காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகிறது. கரையோரம் அலை அடங்கியிருக்கும். மார்கழியில் கேட்டிருந்தால் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள் என்றிருப்பேன், அது வாடைக்காற்றுக் காலம்.

ஆகவே நீங்கள் கூடாரம் போடுவதானால் என் தெரிவு மணற்காடு. பருத்தித்துறைக்குத் தென்கிழக்கே, குடத்தனைக்கு அப்பால் இருக்கிறது. பெயருக்கேற்ற மணல் மேடுகள், சவுக்குத் தோப்பு, மணலில் பாதி புதைந்த பழைய அந்தோனியார் கோயிலின் இடிந்த சுவர்கள். கடல் அடங்கிக் கிடக்கிறதே என்று காற்றடைத்த வளையத்தில் ஏறி மிதக்க மட்டும் வேண்டாம். தரைக்காற்று வளையத்தையும் ஆளையும் சத்தமில்லாமல் வெளியே கொண்டுபோய்விடும். பந்து போனால் போகட்டும், பின்னால் நீந்தாதீர்கள்.

ஆளில்லாத கடற்கரை என்ற நினைப்பை மட்டும் விட்டுவிடுங்கள். அப்படி ஒன்று இங்கே கிடையாது. நான் முதல்முறை நண்பர்களோடு போனபோது நல்ல மட்டமான, இறுகிய மணல் கிடைத்ததென்று மகிழ்ந்து அதிலேயே கூடாரத்தைப் போட்டோம். விடியப்புறம் நான்கு மணிக்கு ஒரு வெளிச்சம் முகத்தில் அடித்தது. "தம்பியவை, இதுக்குள்ளயே படுத்தனீங்கள்? ட்ரக்டர் வரப் போகுது, எழும்புங்கோ!" மணல் ஏன் அவ்வளவு இறுகியிருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. கரைவலையை, அதாவது கடலில் விட்டுக் கரையிலிருந்து இழுக்கும் பெரிய வலையை, அங்கே ட்ரக்டர் வைத்துத்தான் இழுத்தார்கள். நாங்கள் படுத்திருந்தது அதன் பாதை. அந்த ஐயா ஒரு நிமிடம் பிந்தியிருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்றைக்கும் வரும்.

அதனால் பின்னேரம் நான்கு மணிக்கு முன்பே போய்ச் சேருங்கள். வாடியில், அதாவது மீனவர் கொட்டிலில், இருப்பவர்களிடம் போய், "அண்ணை, இரவைக்கு இங்க தங்கப் போறம், எந்த இடம் இடைஞ்சல் இல்லை?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கே பாதி வேலை முடிந்துவிடும். இடமும் காட்டுவார்கள், காலையில் மீனும் தருவார்கள். முதல் நாளே கிராம சேவகரிடமும் பக்கத்துப் பொலிஸ் நிலையத்திலும் சொல்லிவைத்தால் இன்னும் நல்லது. இந்தக் கரையில் கஞ்சா கடத்தல் நடப்பதால் கடற்படை இரவில் ரோந்து வரும். இருட்டில் ரோச் லைற்றைக் கடல் பக்கம் ஆட்டி விளையாடினால் வந்து விசாரிக்கத்தான் செய்வார்கள். எல்லோரும் அடையாள அட்டை வைத்திருங்கள்.

இன்னும் தெற்கே, எங்கள் வடமராட்சி நாகர்கோவில் பக்கம், போர்க்காலத்தில் முன்னரங்கு இருந்த நிலம். கடற்கரையை விட்டுப் பற்றைக்குள் இறங்காதீர்கள். மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகையைக் கண்டால் வந்த தடத்திலேயே திரும்புங்கள். அதற்கும் தெற்கே உள்ள சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அங்கே வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் கூடாரம் என்ற பேச்சே வேண்டாம்.

தண்ணீர்தான் நீங்கள் குறைத்து மதிக்கப்போகும் விடயம். ஆகஸ்டில் மழை இல்லை, கரையோரக் கிணறுகள் பெரும்பாலும் உவர். குடிக்க, சமைக்க, முகம் கழுவ என்று ஆளுக்கு ஐந்து லீற்றர், ஐந்து பேருக்கு இருபத்தைந்து. இதைப் பருத்தித்துறையிலேயே வாங்கி ஏற்றிவிடுங்கள். கடலில் குளித்த உப்பைக் கழுவ வேண்டுமென்றால் இன்னும் ஒரு கான்.

கூடாரத்தோடு வரும் கம்பி முளைகள் இந்த மணலில் நிற்காது. வெறும் உரப்பை நான்கைந்து கொண்டுபோய், மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி முழங்கை ஆழத்தில் புதையுங்கள். சோளகத்துக்கு அதுதான் தாங்கும். மணல் மேட்டின் உச்சியில் போடாமல் கடல் பக்கச் சரிவின் அடியில் போட்டால் காற்று மறைவு. மணல் பறந்து வந்து சோற்றில் விழத்தான் செய்யும், அதற்கு என்னிடம் மருந்தில்லை. சவுக்கு மரத்தடி நிழலாக இருக்கிறதே என்று அங்கே அடுப்பு மூட்டாதீர்கள். அந்தச் சருகு எண்ணெய் ஊற்றியதுபோல் பற்றும்.

பாம்பு பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சுருட்டை விரியன் உலர்ந்த கரையோர மணலில் வாழ்வது. இரவில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம், சப்பாத்தை உதறிவிட்டுப் போடுங்கள். வெளியே பாய் விரித்து நட்சத்திரம் பார்த்தபடி தூங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பார்த்துவிட்டு உள்ளே வந்து சிப்பை முழுதாக மூடிப் படுங்கள். நிலத்தில் படுத்திருப்பவர்களைத்தான் கட்டுவிரியன் தீண்டுகிறது, கடித்தது தெரியாமலே தூங்குபவர்களும் உண்டு. அவசரத்துக்கு 1990, இலவச அம்புலன்ஸ். தொலைபேசிக்கு எங்கே சிக்னல் வருகிறது என்று வெளிச்சத்திலேயே பார்த்துவையுங்கள்.

சாப்பாட்டுக்கு இரவைக்குப் பருத்தித்துறையில் புட்டும் மீன்குழம்பும் கட்டிக்கொள்ளுங்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்தால் யாழ்ப்பாணத்து நண்பர் வீட்டில் மீன் எதிர்பார்க்காதீர்கள், நகரில் அறையும் லேசில் கிடைக்காது. காலையில் வலை ஏறியதும் கரையிலேயே மீன் வாங்கிச் சுடலாம். கூழ் காய்ச்சத் தெரிந்தவர் உங்களில் இருந்தால் பனையோலைப் பிளாவில் குடியுங்கள், பிளாஸ்டிக் கோப்பை சுமக்கத் தேவையில்லை. ஒரு சின்ன மண்வெட்டி கட்டாயம். ஏன் என்று விடிந்ததும் தெரியும்.

கூடாரம் சரிவராது என்று யாராவது முகம் சுளித்தால் நெடுந்தீவில் அறை எடுங்கள். தங்குமிடங்கள் குறைவு, போகுமுன்பே பேசி உறுதி செய்ய வேண்டும். பகலில் வருகிறவர்கள் கடைசிப் படகோடு போய்விடுவார்கள். அதற்குப் பிறகு கல்வேலிகளும், குதிரைகளும், பெருக்குமரமும் (பாவோபாப்) உங்களுக்குத்தான். ஆனால் திரும்பி வரும் நாளுக்கு மறுநாள் கொழும்பு ரயிலுக்குப் பதிவு செய்யாதீர்கள், ஒரு நாள் இடைவெளி விடுங்கள். காற்று எழும்பினால் படகுக்காரர் உங்கள் ரிக்கற்றைப் பார்க்க மாட்டார்.