கம்யூனிச நாட்டில் வளர்ந்து பின்னர் அமெரிக்காவில் குடியேறியவர்கள் தம் சிறுவயதை எப்படி நினைவுகூர்கிறார்கள்?

எல்லோருக்காகவும் என்னால் சொல்ல முடியாது. எனக்கு நன்கு தெரிந்த ஒருவரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சிகாகோவில் நான் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் போலந்துக்காரர். மாடியில் நானும் கீழ்த்தளத்தில் அவரும் அவர் மனைவியும் வசிக்கிறோம். 1970களின் தொடக்கத்தில் கிராக்கோவ் நகரின் கிழக்கே உள்ள நோவா ஹூத்தாவில் பிறந்த அவர், 1990களில் இங்கே வந்து, தச்சு வேலை செய்து இந்த வீட்டை வாங்கினார். அன்றைய ஆட்சியை அவர் வெறுக்கிறார்; ஆனால் அந்த ஆட்சியின் கீழ் கழிந்த தம் சிறுவயதை யாராவது இரக்கத்தோடு பேசினால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

நோவா ஹூத்தா 1949இல் தொடங்கி, ஒரு பெரிய எஃகு ஆலைக்காகவே கட்டப்பட்ட ஊர். ஆலைக்கு லெனின் பெயரைச் சூட்டினார்கள். தொழிலாளர் நகரத்துக்குத் தேவாலயம் தேவையில்லை என்றும் முடிவு செய்தார்கள். மக்கள் விடவில்லை. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பால் எழுந்த பேழை வடிவத் தேவாலயத்தை 1977இல் அப்போதைய கர்தினால் கரோல் வொய்திவா அர்ப்பணித்தார். அடுத்த ஆண்டே அவர் இரண்டாம் யோவான் பவுல் என்ற பெயரில் திருத்தந்தையானார். 1973இல் நிறுவப்பட்ட லெனின் சிலை 1989 டிசம்பரில் அகற்றப்பட்டு, பிறகு சுவீடனில் உள்ள ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு விற்கப்பட்டது. ஊரின் மையச் சதுக்கத்துக்கு இப்போது ரொனால்ட் ரீகனின் பெயர். இரண்டுமே வெளியூர்க்காரர் பெயர்கள்தாம் என்று வீட்டுக்காரர் சொல்வார்.

அவருடைய நினைவுகளில் அரசியல் எப்போதும் ஒரு சிறுவனின் உயரத்திலிருந்தே தெரிகிறது. 1981 டிசம்பர் 13ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில், வழக்கமாக வரும் ‘தெலெரானெக்’ என்ற சிறுவர் நிகழ்ச்சிக்காகத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கிறார். நிகழ்ச்சி வரவில்லை, அன்றைய ஆட்சித் தலைவர் ஜெனரல் யாருசெல்ஸ்கி இராணுவ உடையில் தோன்றி இராணுவச் சட்டத்தை அறிவிக்கிறார். நாட்டுக்கு நேர்ந்தது அவருக்குப் பிறகுதான் புரிந்தது. அன்று அழுதது நிகழ்ச்சி வராததற்காக. 1986 ஏப்ரல் இறுதியில் செர்னோபில் விபத்தை அடுத்து, போலந்தின் குழந்தைகளுக்கு அவசர அவசரமாக லூகோல் என்னும் அயோடின் கரைசல் கொடுக்கப்பட்டது. கதிரியக்க அயோடின் தைராய்டு சுரப்பியில் சேராமல் தடுப்பதற்கான ஏற்பாடு அது. பள்ளியில் வரிசையாக நிறுத்திக் குடிக்க வைத்த அந்தப் பழுப்பு நீரின் சுவையை இன்றும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் சொல்கிறார். மற்றபடி அவர் விரும்பிச் சொல்வது, அடுக்குமாடிக் குடியிருப்பின் முற்றத்தில் கம்பளம் தட்டுவதற்காக நட்டிருந்த இரும்புச் சட்டத்தில் பிள்ளைகள் எல்லோரும் தலைகீழாகத் தொங்கிய மாலைகளைப் பற்றித்தான்.

அன்றாட விருப்பங்களில் முதலிடம் உணவுக்கு. சர்க்கரைக்கு 1976இலும் இறைச்சிக்கு 1981இலும் பங்கீட்டு அட்டை வந்த நாடு அது. கடை அலமாரிகளில் தட்டுப்பாடின்றிக் கிடைத்தது வினிகர் ஒன்றுதான் என்பது அந்தத் தலைமுறையினர் அனைவரும் சொல்லும் கதை. அதனால்தானோ என்னவோ, வினிகரில் போட்ட வெள்ளரிக்காயை அவர் வீட்டுக்குள்ளேயே சேர்ப்பதில்லை. உப்புநீரில் பூண்டு, சோயிக்கீரைப் பூங்கொத்து, குதிரைமுள்ளங்கி இலை ஆகியவற்றைச் சேர்த்துத் தாமாகவே புளிக்கவிட்டு, நிலவறையில் ஜாடி ஜாடியாக அடுக்கி வைப்பார். நம் வீடுகளில் உப்பில் ஊறும் மாவடு எனக்குப் பழக்கம் என்பதால் அந்தச் சுவை முதல் கடியிலேயே பிடித்துப்போனது.

இலையுதிர் காலத்தில் காளான் பறிக்கக் கிளம்பிவிடுவார். இங்குள்ள குக் மாவட்ட வனக்காப்புப் பகுதிகளில் காளான் பறிக்கத் தடை இருப்பதால், அண்டை மாநிலமான விஸ்கான்சினில் தெரிந்தவர் ஒருவருடைய தோப்பு வரை காரோட்டிச் செல்கிறார். பறித்து வந்ததை நறுக்கி நூலில் கோத்து உலர்த்தி, டிசம்பர் 24 இரவு விருந்துக்கான சூப்புக்கென்று எடுத்து வைப்பார். அந்த விருந்தில் இறைச்சி கிடையாது. கெண்டை மீன் உண்டு. எதிர்பாராமல் வரும் விருந்தினருக்காக ஒரு தட்டு காலியாக வைக்கப்படும். உயிரோடு வாங்கிய கெண்டை சில நாள் குளியல் தொட்டியில் நீந்தியதையும், அதற்குப் பெயர் வைத்துப் பழகிய பிள்ளைகள் பிறகு அதை உண்ண மறுத்ததையும் ஆண்டுதோறும் அன்று இரவு சொல்லாமல் இருக்க மாட்டார்.

குளிர்கால வார இறுதிக் காலைகளில் பனிச்சறுக்குத் தாண்டல் போட்டி. அதில் நான்கு முறை உலகக் கோப்பையை வென்ற போலந்து வீரர் ஆடம் மவிஷைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார். அதைவிட முக்கியமானது வேறெதுவும் போலந்தில் நடக்கவில்லையா என்று மனைவி கேட்பதுண்டு.

கருத்துகளுக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவர் ஒருவர் சோசலிசத்தைப் புகழ்ந்தபோது, கழிப்பறைக் காகிதத்துக்காகத் தம் தாய் நின்ற வரிசையைப் பற்றிப் பொறுமையாக விவரித்தார். ஆனால், அந்த நாட்களில் எல்லாமே கெட்டுக் கிடந்தது என்று வேறொருவர் சொன்னபோது, தம் தந்தைக்கு வீடு கிடைத்தது அந்த ஆலையால்தான் என்றும் 1990களில் ஆலை ஆட்குறைப்பில் இறங்கியதால்தான் தாம் இங்கே வர நேர்ந்தது என்றும் அதே உறுதியோடு வாதிட்டார். முதலில் இதை முரண்பாடு என்றே நினைத்தேன். பட்டறிந்தவர் தம் வாழ்க்கையை இன்னொருவருடைய வாதத்துக்குச் சான்றாகத் தர மறுக்கிறார் என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது.

ஒரு விஷயத்தில் அவரோடு நான் உடன்படுவதில்லை. வெளிநாட்டில் வாழும் குடிமக்களும் போலந்துத் தேர்தல்களில் வாக்களிக்கலாம். ஆனால் வரி கட்டாத நாட்டை யார் ஆள வேண்டும் என்று முடிவு செய்யத் தமக்கு உரிமை இல்லை என்பது அவர் வாதம். பெற்றோரும் உடன்பிறந்தாரும் அங்கே இருக்கும்போது எப்படி உரிமை இல்லாமல் போகும் என்று நானும் அவர் மனைவியும் கேட்டோம். 2023 அக்டோபர் தேர்தலில் மனைவி வாக்களிக்கப் புறப்பட்டபோது காரோட்டிச் சென்றவர் அவர்தான். வரிசையில் நிற்பதற்கு மட்டும் வர மறுத்துவிட்டார். அந்த வேலையைப் பன்னிரண்டு வயதுக்குள் முடித்துவிட்டாராம்.